பாய் கடைப் பூட்டு

கடைசியில் ஒரு கேள்வி வரும். விடை சொல்லத் துடிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோருமே களைத்துப் போனவர்கள். அவர்களை அவசரப்படுத்திப் பயனில்லை.

அந்தியூர் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் சிலரிடம் பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி உண்டு. பன்றிக் கூட்டம் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதன் வேலை. தேர்தல் அறிவித்ததும் அத்தனை துப்பாக்கிகளையும் ஒப்படைத்துவிட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் துருவோடு திரும்பி வரும் என்பதால், ஈரோட்டில் அமானுல்லா பாயின் துப்பாக்கிக் கடையில் கொண்டுபோய் வைப்பார்கள். பாய் துடைத்து எண்ணெய் போட்டு, கடையின் பின்னாலுள்ள இரும்பு அறையில் பூட்டி வைப்பார். தேர்தல் முடிந்ததும் போய் வாங்கி வருவார்கள்.

அந்த முறை தேர்தல் முடிந்தபோது தெய்வானை யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். கணவர் சென்னியப்பன் ஈரோட்டுக்குப் பஸ் ஏறியதும் பாய்க்குப் போன் போட்டாள்.

மாசியில் ஒரே மகன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து சென்னியப்பன் சரியாகச் சாப்பிடுவதில்லை. சோளக்காட்டுப் பக்கம் போவதில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். அன்று காலை மட்டும் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கியை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அந்தச் சட்டைதான் அவளைப் பயமுறுத்தியது.

"பாய், அவரு கையில இப்ப அதைக் குடுத்துறாதீங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

பாய் கேட்கவில்லை. "சரிம்மா. இது நம்ம ரெண்டு பேரோட நிக்கட்டும்" என்றார்.

மாலையில் சென்னியப்பன் வெறுங்கையோடு வந்தார். "ரூம் பூட்டு கெட்டுப்போச்சாம். சரி பண்ணிட்டுச் சொல்றேன்னாரு பாய்" என்றார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சோறு கேட்டார்.

அந்த வாரமே பன்றி இறங்கியது. பால் பிடித்திருந்த சோளம் பாதிக்கு மேல் சாய்ந்தது. மறுநாள் சென்னியப்பன் அரிவாளோடு போய், சாய்ந்த தட்டையெல்லாம் அறுத்து மாட்டுக்குப் போட்டார். மகன் போனபின் அவர் தொட்ட முதல் வேலை. தெய்வானை வரப்பில் நின்று பார்த்தாள். அழக்கூட அவளிடம் தெம்பில்லை.

துப்பாக்கி வைத்திருப்போர் சங்கத்துச் செயலாளர் நல்லசிவம் அந்த வழியாக வந்தவர் காட்டைப் பார்த்துத் திகைத்து நின்றார். "அண்ணன் வெடி போடலீங்களா?" என்று கேட்டார். தெய்வானை பூட்டுக் கதையைச் சொன்னாள். வேறென்ன சொல்வாள்? நல்லசிவத்தின் முகம் மாறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். பாயையும் வரச் சொன்னார். கூட்டத்தில் அவரே முதலில் எழுந்து பேசினார்.

"அன்னைக்கு நானும் சென்னியப்பண்ணனும் ஒண்ணாத்தானுங்க போனோம். அண்ணன் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. பாய் அந்த ரூமைத் தொறந்து என் துப்பாக்கியை எடுத்துக் குடுத்தாரு. நான் பஸ்ஸைப் புடிக்க ஓடிட்டேன். எனக்குத் தொறந்த பூட்டு அடுத்த நிமிசம் அண்ணனுக்கு எப்படிங்க கெட்டுப்போகும்? சொல்லுங்க பாய்!"

பாய் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம லைசென்ஸையெல்லாம் புதுப்பிக்க முடியாதுன்னு அதிகாரிங்க நின்னப்ப, மெட்ராஸ் வரைக்கும் அலைஞ்சு பேசுனது இந்த பாய்தானப்பா" என்றார் ஒருவர்.

"நமக்காகவா? நம்மகிட்டத் துப்பாக்கி இல்லீன்னா அவருக்குக் கடை ஏதுங்க? தன் யாவாரத்துக்குப் பேசுனவருக்கு நாம கோயில் கட்டோணுமாக்கும்!" என்றார் நல்லசிவம்.

"கட்டுனாலும் அவரு வரமாட்டாருங்க, வெள்ளிக்கிழமையானா வேற பக்கம் போயிருவாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. பாயும் கொஞ்சம் சிரித்தார்.

நல்லசிவம் சிரிக்கவில்லை. "வாங்கி வெச்சுப் பத்திரமாத் திருப்பிக் குடுக்கறதுதான் கடைக்காரர் வேலை. யாருக்குக் குடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு அவரே முடிவு பண்ண ஆரம்பிச்சா, நாளைக்கு எனக்கும் அதேதான், உங்களுக்கும் அதேதான். இனிமே தோட்டா வாங்கறதும் ஒப்படைக்கறதும் கோயமுத்தூர் புதுக்கடையிலதான். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

சென்னியப்பன் முன்னால் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். தெய்வானை கடைசி வரிசையில் இருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சேதி போலீசுக்குப் போகும், லைசென்ஸ் போகும், அடுத்த வெள்ளாமையும் பன்றிக்குத்தான். அதையாவது தாங்கலாம். கட்டியவளே தன்னை நம்பவில்லை என்பதை ஊர் நடுவில் வைத்து அந்த மனிதர் தெரிந்துகொள்வாரே! சொல்லாவிட்டால் பாயின் கடையை மூட வேண்டியதுதான். அவருக்கு வாடிக்கை என்று இருப்பது இந்தச் சனம்தான். பாய் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்பாததுதான் அவளைக் கொன்றது.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

கதை இங்கே நிற்கட்டும். பொய் சொல்லி, அடுத்தவர் பொருளை அவரிடம் தராமல் வைத்துக்கொண்டார் பாய். நியாயம் என்று பட்டதற்காகப் பழைய நன்றியை உதறச் சொன்னார் நல்லசிவம். தன் வீட்டைக் காத்தவர் தலைகுனிந்து நிற்க, வாயைத் திறக்காமல் இருந்தாள் தெய்வானை.

இவர்களில் யார் செய்தது சரி?

விடை: இந்த மூவருக்குள் தேடினால் அகப்படாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பாருங்கள். நல்லசிவத்துக்காக அந்தப் பூட்டு திறந்ததைச் சென்னியப்பனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாய் சொல்வது பொய் என்று தெரிந்தும், ஏன் என்று கேட்காமல் எழுந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு கேட்டார். ஆகவே பாய் எதையும் மறுத்துவிடவில்லை. உடையவரே விட்டுவிட்டு வந்தார். சரியானதைச் செய்தவர் அவர்தான். நல்லசிவம் வழக்காடியது வழக்கே இல்லாத ஒருவருக்காக. தெய்வானை யாருக்குத் தெரியக்கூடாது என்று ரகசியம் காத்தாளோ, அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அன்று மண்டபத்தில் சென்னியப்பனின் கை உயரவில்லை. மெல்ல எழுந்து நின்றார். "பூட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு. நாந்தான் அங்கயே இருக்கட்டும்னு வந்துட்டேன்" என்றார். பிறகு கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்து, "போலாமா புள்ள, மாட்டுக்குச் சோளத்தட்டை போடோணும்" என்றார்.