மேடைக்கு மட்டும் தார்ப்பாய்

மலையுச்சி வானிலை நிலையத்தில் போஜன் ஒருத்தன்தான் வேலை பார்த்தான். காற்றையும் மேகத்தையும் பார்த்து அவன் சொல்வதைக் கீழே ஊரில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு நாய்கூடக் கிடையாது. அதனால் அன்று ஜீப் சத்தம் கேட்டதும் ஆசையாக டீ போட்டான்.

வந்தவர் கோடை விழா அதிகாரி. அவர் உட்காரக்கூட இல்லை.

“நாளைக்கு மந்திரி விழாவைத் திறக்க வர்றார். நீ என்னடான்னா மழை கொட்டும்னு சொல்லியிருக்கே. கூட்டம் எப்படிய்யா வரும்? மழை கிடையாதுன்னு மாத்திச் சொல்லு. இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடு.”

“மாத்திடறேங்க ஐயா. ஆனா மேடைக்கு மட்டும் தார்ப்பாய் கட்டியிருக்கீங்களே, அதை அவுக்கச் சொல்லிடுங்க. அதைப் பார்த்தா ஜனங்க என் பேச்சை நம்ப மாட்டாங்க.”

“அறிவிருக்கா உனக்கு? மந்திரி நனைஞ்சுட்டா என் கதி என்ன ஆகுறது?”

“எதுலீங்க ஐயா நனைவாரு?”

ஜீப் டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிகாரி விறைப்பாக வண்டியில் ஏறி, “மழைன்னு நீ சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்” என்று முணுமுணுத்தார். டீ ஆறிப்போனது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கீழே மைதானம் முழுக்கக் குடைகள் விரிந்தன. ஒருத்தரும் எழுந்து ஓடவில்லை. போஜன் பாறைமேல் நனைந்தபடி நின்றுகொண்டு, யாராவது நிமிர்ந்து பார்க்க மாட்டார்களா என்று கையை ஆட்டினான்.

அத்தனை பேர் தலைக்கு மேலும் குடை இருந்தது.