சிவப்புப் புள்ளி விழாத இடம்

நெட்டைவாலன் என்ற குரங்குக்கு ஆற்றங்கரைக் காட்டில் அம்புகளோடு ஒரு வில் கிடைத்தது. கூடாரம் போட்டுத் தங்கிய மனிதர்கள் விட்டுப்போனது. அதில் லேசர் கருவி ஒன்று பொருத்தியிருந்தது. அழுத்தினால் எதிரே சிவப்புப் புள்ளி விழும். பக்கத்து அத்திமரத்தில் ஒரு பழத்தின் மேல் புள்ளியை வைத்து அம்பை விட்டால், பழம் பொத்தென்று விழும்!

அவ்வளவுதான். நெட்டைவாலன் பெரிய வில்லாளி ஆகிவிட்டான். மயில் அவனுடைய துதிபாடி ஆகிவிட்டது.

செம்பி என்ற கீரிப்பெண் மட்டும் கேட்டாள்: "கிட்ட இருக்கிற பழத்தையே அடிக்கிறியே, தூரத்தில இருக்கிறதை அடிச்சுப் பார்த்தியா?"

"வாயாடி!" என்றது மயில். நெட்டைவாலன் அடுத்த பழத்துக்குக் குறி வைத்தான்.

மழைக்காலத்தில் ஒரு மாலை ஆறு பெருக்கெடுத்தது. நடு ஆற்றுத் திட்டில் நின்ற ஒற்றை மருதமரத்தில், குட்டியை மார்பில் அணைத்தபடி ஒரு தேவாங்கு மாட்டிக்கொண்டது. வெள்ளம் வேரடி மண்ணை அரித்தது. மரம் சாயத் தொடங்கியது.

"அம்பில கொடியைக் கட்டி இந்த மரத்துக்கு எய்யுங்க! அதைப் பிடிச்சு வந்துடுவேன்!" என்று கத்தியது தேவாங்கு.

நெட்டைவாலன் அம்பில் நீளமான காட்டுக்கொடியைக் கட்டிக் குறி வைத்தான். புள்ளி அடிமரத்தில் பளிச்சென்று விழுந்தது. அம்போ பாதி ஆற்றிலேயே தண்ணீரில் விழுந்தது! கொடியை இழுத்து அம்பை மீட்டான். மறுபடியும் அதே இடத்தில் புள்ளி. மறுபடியும் தண்ணீர்.

"காற்று சரியில்லை," என்றது மயில்.

"காத்தே அடிக்கலையே!" செம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளிச்சம் நேராப் போகுது. அம்புக்கு எடை இருக்கு, போகப்போக இறங்குது. இப்போ அதோட வாலில கொடி வேற! இன்னும் மேலே வை!"

"புள்ளி பொய் சொல்லுமா?" என்றான் நெட்டைவாலன்.

"வெளிச்சம் போற இடத்தைப் புள்ளி காட்டுது. அம்பு போற இடத்தை அதுகிட்ட ஏன் கேக்கறே?"

"எங்களுக்கே பாடம் நடத்துறியா?" என்று மயில் குறுக்கே வந்து தோகையை விரித்தது.

"தோகையை மடக்கு! மரம் தெரியலை!" என்று கத்தினாள் செம்பி.

நெட்டைவாலன் வில்லை உயர்த்தினான். புள்ளி உச்சிக் கிளைக்கு ஏறியது. அம்பு மரத்துக்குச் சற்று முன்னால் விழுந்தது.

"கிட்ட வந்துடுச்சு பாரு! இன்னும் மேலே!"

இன்னும் உயர்த்தினான். புள்ளி மரத்தைத் தாண்டி வானத்தில் காணாமல் போனது.

"புள்ளியே இல்லையே! எதைப் பார்த்து அடிப்பேன்?"

"இவ்வளவு நேரம் புள்ளி இருந்துச்சே, அம்பு போய்ச் சேர்ந்துச்சா? மரத்தைப் பாரு!"

"குட்டி மேல பட்டுட்டா?"

அன்று அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"அக்கா, மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கிக்கோ!" என்று செம்பி கூவினாள். தேவாங்கு ஒதுங்கியது.

அம்பு வளைந்து ஏறியது, வளைந்து இறங்கியது, மரத்தில் கிளை பிரியும் கவட்டில் குத்தி நின்றது! தேவாங்கு கொடியைக் கிளையில் சுற்றி இறுக்கியது. இந்தப் பக்கம் நெட்டைவாலன் கொடியை அத்திமரத்தில் கட்டினான். தேவாங்கு கொடியில் தொங்கியபடி, தன் இனத்துக்கே உரிய நிதானத்தோடு மெல்ல மெல்லக் கிளம்பியது.

"சீக்கிரம் வா!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"எனக்கு இதுதான் சீக்கிரம்!"

கரையில் செம்பி குட்டியை வாங்கிக்கொண்டாள். தாயும் இறங்கியது. பின்னாலேயே மருதமரம் சாய்ந்து வெள்ளத்தோடு போனது.

நெட்டைவாலன் வெட்கத்தோடு லேசரைக் கழற்றினான். "இதை ஆத்துல எறிஞ்சிடவா?"

"எதுக்கு? அது என்ன தப்பு பண்ணுச்சு? நாளைக்குத் தூரத்தை மாத்தி மாத்தி எய்து பார்ப்போம். அம்பு எங்கே எவ்வளவு இறங்குதுன்னு நாமே கண்டுபிடிப்போம்!"

மயில் தயங்கித் தயங்கி, "அது ஏன் இறங்குது?" என்று கேட்டது.

"அப்படிக் கேளு!" என்று சிரித்தாள் செம்பி.

கருவியை நம்புங்கள், ஆனால் அதைப் பற்றிக் கேள்வி கேட்பவரின் வாயை அடைக்காதீர்கள். அந்தக் கேள்விதான் கருவியையே உருப்படியாகப் பயன்பட வைக்கிறது.