எல்லாம் இருக்கிற வீடு

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். ஒரே ஒரு வேண்டுகோள். கேட்கக் கேட்க, வசுமதிக்கு வந்த எரிச்சல் உங்களுக்கும் வரும். அந்த எரிச்சலோடு தீர்ப்பை எழுதிவிடாதீர்கள்.

சென்னைக்குத் தெற்கே தாமரைக்குளம் நகர் என்று ஒரு குடியிருப்பு. பெயரிலேயே குளம் இருந்தும், வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. வசுமதி ஒருத்திதான் எதிர்பார்த்தாள். முன்பு வந்த வெள்ளத்தில், உணவுப் பொட்டலம் எப்போது விழும் என்று மொட்டை மாடியில் நனைந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். இனி யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஐப்பசி பிறந்தால் போதும், அவளுடைய மாடி வீட்டில் மூடி போட்ட டிரம்மில் குடிதண்ணீர், சின்ன கேஸ் அடுப்பு, அரிசி, பருப்பு, டார்ச், பவர் பேங்க், காய்ச்சல் மாத்திரை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். "எங்க வீட்ல எல்லாம் இருக்கு" என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிதப்புத் தெரியும்.

கீழ் வீட்டுத் தணிகாசலத்துக்கு இது பெரிய வேடிக்கை. வீட்டுக்கு ஒரு கேன் தண்ணீராவது மாடியில் வையுங்கள் என்று சங்கக் கூட்டத்தில் வசுமதி கெஞ்சியபோது அவர் எழுந்து நின்றார். "வரி கட்றோம், ஓட்டுப் போடறோம். வெள்ளம் வந்தா காப்பாத்த வேண்டியது கவர்மெண்ட். நாமளே எல்லாத்தையும் பண்ணிக்கிட்டா அவங்க எதுக்கு மேடம்?" கூட்டம் கை தட்டியது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதுதான் வசுமதிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்தது. விடிவதற்குள் கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். தணிகாசலம் படியேறி வந்தார், தலைமேல் புது டிவியோடு. பின்னாலேயே அவர் மனைவி ஹேமாவதி, மருந்துப் பையோடு. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவள் அவள். டிவி சோபாவில் உட்கார்ந்தது. வசுமதி தரையில் உட்கார்ந்தாள்.

அதோடு விட்டாரா? வசுமதியின் பவர் பேங்கில் போனைச் சொருகிக்கொண்டு உதவி எண்ணைக் கூப்பிட்டார். "இங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல, யாரும் ஒரு உதவியும் பண்ணல" என்று கத்தினார். வசுமதி அப்போது அவருக்குத்தான் உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு, இஞ்சி போட்டிருக்கலாம் என்றார். ஹேமாவதி மட்டும் எதிலும் குறை சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தபோதுகூட, "எனக்கு அரை டம்ளர் போதும்க்கா" என்றாள். புருஷனுக்கு இல்லாத இங்கிதம் பெண்டாட்டிக்காவது இருக்கிறதே என்று வசுமதி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் தெருவுக்குள் மீட்புப் படகு வந்தது. பின் தெருவில் ஒரு கைக்குழந்தை காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது. படகில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் இடம். தீயணைப்பு வீரர் மாடியை அண்ணாந்து பார்த்து, "சாப்பாடு தண்ணி இருக்கா? சமாளிச்சுக்குவீங்களா?" என்று கேட்டார்.

தணிகாசலம் பால்கனிக் கம்பிமேல் சாய்ந்து, "சொட்டுத் தண்ணி இல்லீங்க! ரெண்டு நாளாப் பட்டினி!" என்றார். அவர் கையில், வசுமதி அப்போதுதான் போட்டுக் கொடுத்த காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்த பொறுமையும் வசுமதிக்குப் போய்விட்டது. "பொய்ங்க! இங்க எல்லாம் இருக்கு. நாங்க நாளைக்கு வரைக்கும் தாங்குவோம். பின் தெருவுல குழந்தை அழுவுது, அங்க போங்க மொதல்ல!"

வீரர் காபி டம்ளரைப் பார்த்தார். படகைத் திருப்பினார். சற்று நேரத்தில், அந்தக் குழந்தையும் தாயும் படகில் போவதை மாடியிலிருந்து பார்த்தார்கள்.

தணிகாசலம் ஆத்திரத்தில் குதித்தார். "நேத்தே அவளுக்கு டயாலிசிஸ் ஆயிருக்கணும் மேடம்! இன்னும் தள்ளிப்போனா மூச்சு முட்டும்!"

"அத அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே சார்?"

"உள்ளதச் சொன்னா எந்த கவர்மெண்ட் மேடம் வருது?"

ஹேமாவதி வீங்கிப்போன பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். இல்லாத தாகத்தைச் சொல்லிப் படகைக் கூப்பிட்ட தணிகாசலமா, உள்ளதைச் சொல்லிப் படகை அனுப்பிவிட்ட வசுமதியா, காபி டம்ளரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வீரரா? இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வீரர் செய்ததுதான் சரி. காதில் கேட்டதையும் கண்ணில் பட்டதையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும். தணிகாசலத்துக்கு உதவி கேட்க முழு உரிமை உண்டு, சொல்வதற்கு உண்மையான காரணமும் கையிலேயே இருந்தது. அதை விழுங்கிவிட்டுப் பொய்யைச் சொன்னார். சரி, வசுமதி உண்மையைத்தானே சொன்னாள் என்பீர்கள். டிரம்மில் தண்ணீர் இருந்தது உண்மை. 'எல்லாம்' இருந்தது பொய். குடித்த தண்ணீர் உடம்பிலேயே தேங்கிவிடுவதால் அரை டம்ளருக்குமேல் தண்ணீரே ஆகாத ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளையும் சேர்த்து 'நாங்க தாங்குவோம்' என்று சொல்லிவிட்டாள். இங்கிதம் என்று வசுமதி நினைத்தது நோய். அந்தப் பாதங்களைப் பார்த்தபோதுதான் வசுமதிக்கு அது உறைத்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மறுபடி மோட்டார் சத்தம் கேட்டது. மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ச் சிவப்புப் போர்வையை வீசித் தொண்டை கிழியக் கத்தியவள் வசுமதிதான்: "இங்க வாங்க! எங்க வீட்ல எல்லாம் இல்லீங்க! டயாலிசிஸ் பேஷண்ட் இருக்காங்க!" படகு அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.