பால் சங்கத்துக்குப் புது ஆள்

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் தும்பலப்பட்டிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் அவர்களுடைய பால் சங்கக் கம்ப்யூட்டரில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. செயலாளர் காளிங்கனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மிஷின் வேலை பழகிவிட்டதே!

விஷயத்தைச் சொன்னதும் போனில் இன்ஜினியர் அலறினார். "சாப்ட்வேர்ல ஓட்டை சார்! அது வழியா எவனோ உள்ள பூந்திருக்கான். யார் பொறுப்புன்னு விசாரிங்க. நான் வர்ற வரைக்கும், தப்பு செஞ்சவங்க யாரும் மிஷினைத் தொடக் கூடாது."

காளிங்கன் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலப் பால் அளவைப் பதியாவிட்டால் டேங்கர் வராது. பால் திரிந்தால் ஊர்ப் பெண்கள் அவரை அதே கேனில் முக்கிவிடுவார்கள். ஆனாலும் விசாரணை என்றால் விசாரணை.

"அப்டேட் போடலாமான்னு தினமும் மரியாதையாக் கேட்டுச்சுங்க," என்றாள் எழுத்தர் மரகதம். "நானும் மரியாதையா, அப்புறம்னு அழுத்துனேன்."

"தப்பு. தொடாதே."

"ராத்திரி பூரா வாசல்லயேதான் இருந்தனுங்க," என்றான் காவல்காரன் சின்னமாரி. "என்னைத் தாண்டித்தான் போயிருக்கணும். நான் பாக்கலை."

"நீயும் தொடாதே."

"நீங்க?" என்றாள் மரகதம்.

பாஸ்வேர்டை யாரும் திருடிவிடக் கூடாதென்று, காளிங்கனே அதைக் கோயில் மைக்கில் ஊருக்கெல்லாம் கொடுத்திருந்தார். கொடுத்த பொருளை எவன் திருட முடியும்? இருந்தாலும் மனசு உறுத்தியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஓட்டையோட செஞ்சு வித்த கம்பெனிக்காரன்?" என்று விடாமல் கேட்டாள் மரகதம்.

"பெரிய தப்பு அவனுதுதான். ஆனா அவன் இங்க எதையுமே தொடறதில்லையே, எதைத் தொடாதேன்னு சொல்றது?"

மூவரும் திரையைப் பார்த்தார்கள். அம்பு மெல்ல ஊர்ந்தது.

"உள்ள வந்தவன் ஓட்டையைப் போடலீங்களே," என்றான் சின்னமாரி. "இருந்துச்சு, வந்தான்."

"அப்ப தப்பே செய்யாத ஒரே ஆள் அவன்தான்!" காளிங்கனுக்கு உயிர் வந்தது. ஒரு சிலேட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் கேமரா முன்னால் பிடித்தார்: 'தம்பி, சாயங்காலப் பால் முந்நூறு லிட்டர். கொஞ்சம் பதிஞ்சு விடுப்பா.'

அம்பு கொஞ்சம் தடுமாறி, பால் கணக்கைத் திறந்தது. பிறகு பதிந்தது. டேங்கரும் வந்தது.

மறுநாள் இன்ஜினியர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நகருங்க சார், ஓட்டையை அடைக்கணும்!"

காளிங்கன் வாசலை மறித்தார். "அதை அடைச்சா எங்க புது ஆள் எந்த வழியா வேலைக்கு வருவாரு? அவருக்குத் துணைக்கு இன்னொருத்தரையும் போடலாம்னு இருக்கோம். முடிஞ்சா கொஞ்சம் அகலமாக்கிக் குடுத்துட்டுப் போங்க."