யானை தட்டிவிட்ட குடுவை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் கரடியார் வைத்தியம் பார்த்து வந்தார். எந்தப் பச்சிலையையும் மோந்தே பெயர் சொல்லிவிடுவார். நோயாளி பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. “நாக்கை நீட்டு. கதை சொல்லாதே!” என்பார்.

ஒரு கோடையில் தாய் யானை ஒன்று காய்ச்சலில் படுத்துவிட்டது. மூன்று நாளாய் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மூன்று நாளும் கரடியார் மருந்தை இடித்து, ஆலமரத்துக் குட்டையில் நீர் மொண்டு, பெரிய சுரைக்குடுவையில் கலக்கிக் கொண்டுவந்தார். யானை அதைத் தட்டிவிட்டது. மூன்றாம் நாள் தேன் விட்டுக் கொடுத்தார். அதையும் தட்டிவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தது.

“பேசாதே, காய்ச்சல் ஏறும்!” என்று அதட்டினார்.

ஆனால் திரும்பி நின்று தனக்குள் முணுமுணுத்தார். ‘பொழுது சாய்வதற்குள் நீர் இறங்காவிட்டால் இது பிழைக்காது. கடவுளே, என் மருந்தில் என்ன குறை?’

கிளையில் ஒரு தவிட்டுக்குருவி இருந்தது. ஊர்க்கதை எல்லாம் அதற்கு அத்துப்படி.

“வைத்தியரே, அந்த அம்மாவிடம் நான் கொஞ்சம் பேசட்டுமா?”

“உன் கதைக்குக் காய்ச்சல் இறங்குமோ? போடி வாயாடி!”

“உங்கள் மருந்துதான் உள்ளேயே போகவில்லையே!”

கரடியாருக்குச் சுருக்கென்றது. அண்ணாந்து பார்த்தார். வெயில் மூங்கில் நுனிக்கு ஏறிவிட்டது.

“சரி, சீக்கிரம் சொல்லித் தொலை.”

குருவி யானையின் காதருகே உட்கார்ந்தது. “ஆனைம்மா, ஒரு மான் இருந்தது. அதன் குட்டியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அன்று முதல் அந்த மான் ஆற்றங்கரைப் பக்கமே போகவில்லை…”

யானையின் கண்ணில் நீர் வழிந்தது. “பிறகு அது எங்கே தண்ணீர் குடித்தது?”

“நீங்கள்தான் சொல்லுங்களேன், அம்மா.”

“எனக்குத் தெரியவில்லையே! என் குட்டி அந்த ஆலமரத்துக் குட்டைச் சேற்றில்தான் புதைந்து போனான். அந்தத் தண்ணீரை நான் எப்படி வாயில் வைப்பேன்?”

கரடியார் கையிலிருந்த குடுவையைப் பார்த்தார். மூன்று நாளும் அதே நீர்! அதைக் கவிழ்த்துவிட்டு மலைச்சுனைக்கு ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பியபோது நுனி வெயிலும் மங்கிக்கொண்டிருந்தது.

“மருந்தைச் சுனைத் தண்ணீரில் கலக்கியிருக்கிறேன், தாயே. நானே மொண்டு வந்தேன்.”

யானை மோந்து பார்த்தது. கரடியார் குடுவையைச் சற்றே சாய்த்துப் பிடித்தார். துதிக்கை மெல்ல வளைந்து குடுவைக்குள் இறங்கியது.

மறுநாள், காலில் முள் தைத்த முயல் ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது. பழைய பயத்தில் நாக்கை நீட்டியது.

“நாக்கு இருக்கட்டும். இப்படி உட்கார். என்ன நடந்தது, சொல்லு” என்றார் கரடியார்.

நீதி: நோயாளியின் கதைக்குக் காது கொடுக்காத வைத்தியரின் மருந்து குடுவையைவிட்டு இறங்காது.