அப்பா வழிக் கட்டம்

சண்டை போட ஆள் கிடைக்காத வருஷம் அது. சும்மா உட்கார்ந்திருந்த நெடுவேலிக்கோட்டை ராஜா விறல்மாறனுக்கு முன்னோர் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கடல் தாண்டி ஏதோ ஒரு மலைநாட்டில் குலத்துக்கொரு கட்டம் போட்ட துணி உடுத்துகிறார்கள் என்று ஒரு வணிகன் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான்! "இனி சபைக்கு அவரவர் குலக் கட்டம் போட்ட சால்வையோடுதான் வரவேண்டும்" என்று தண்டோரா போட்டாயிற்று.

மந்திரி வல்லபராயர் அதில் ஒரு கொக்கி மாட்டினார். "குலம் என்றால் அப்பா வழிதான், மகாராஜா. அம்மா வழியில் ஒரு நூல்கூட உள்ளே வரக்கூடாது. அப்பா வழி சொல்லத் தெரியாதவர்களுக்குச் சபையில் இடமில்லை."

சொல்லும்போதே அவர் கண் அவைப்புலவர் பூங்காவனத்தின் மேல் இருந்தது. அவளுடைய அப்பா யாரென்று அம்மா சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பாட்டுக் கட்ட அந்தப் பெயர் இதுவரை தேவைப்படவும் இல்லை. இப்போது அது இல்லாமல் வேலையே போகப்போகிறது. பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாதம் சுமந்தவள் கணக்கிலேயே இல்லையா?

"அம்மணி, உங்கள் கட்டம் என்ன நிறமோ?" வல்லபராயர் இளித்தார்.

"முதலில் மகாராஜா, பிறகுதானே நாமெல்லாம்? அவருடைய சால்வையை நான் கொண்டுவருகிறேன். உங்கள் சட்டம் இம்மியும் பிசகாது. மகாராஜா அதை உடுத்திக்கொண்டு சபை நடத்தினால், நான் பேசாமல் மூட்டை கட்டுகிறேன்."

சபை கூடியது. பூங்காவனம் வெள்ளித் தட்டை நீட்டினாள். ராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். அது இடியாப்பம் மாதிரி கொத்தாகச் சரிந்து தொங்கியது. நடுவே ராஜாவின் தொப்பை எட்டிப்பார்த்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"பூங்காவனம்! துணி எங்கே?"

"இதுதான், மகாராஜா. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், அது அப்பா வழி. சிவப்பு உங்கள் தந்தையார். பச்சை பாட்டனார். மஞ்சள் முப்பாட்டனார். ஒருவரையும் விடவில்லை."

"குறுக்கு நூல்?"

"அது அம்மா வழி. ஒரு நூல்கூட வரக்கூடாது என்றாரே மந்திரியார்! குறுக்கே ஒன்றும் ஓடாமல் கட்டம் எப்படி விழும்? துணிதான் எப்படி நிற்கும்?"

வல்லபராயர் துள்ளினார். "மகாராஜா, இது திமிர்!"

"திமிர் இருக்கட்டும். உங்கள் சட்டம் எங்கே பிசகியது? காட்டுங்கள்."

ராஜா குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். அது முதலில் குலுங்கியது, பிறகு அவர் சிரித்தார். "பூங்காவனம், உன் இடம் உனக்குத்தான். நீ எந்தச் சால்வையில் வந்தாலும் சரி, அதன் நெசவுக் கூலி அரண்மனையுடையது. வல்லபராயரே, இந்தத் துணி உமக்கு. சால்வையாக வேண்டாம், வேட்டியாகக் கட்டிக்கொண்டு ராஜவீதியில் ஒரு சுற்று வாரும்."

காவலர்கள் மந்திரியின் இடுப்பு முடிச்சில் கை வைத்ததுதான் தாமதம்.

"எங்கம்மா பேரு காத்தாயி!" என்று அலறினார் வல்லபராயர். "அவங்கம்மா பேரு சடைச்சி! அவங்கம்மா... ஐயோ, இழுக்காதீங்கடா, யோசிச்சுச் சொல்றேன்!"