அரை விநாடியில் வந்த பஸ்

பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் தெய்வசிகாமணி. வழியில் கை காட்டிய ஆளை ஏற்றாமல் ஓட்டி வந்து, "சீக்கிரம் வந்துட்டேன் பாத்தீங்களா" என்று பீற்றுகிற டிரைவரைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டர் படிக்கப் போனார். குரு பாத்திமுத்துவுக்கு அவர் மகள் வயசுதான்.

அவள் ஒரு கம்பைலர் செய்துகொண்டிருந்தாள். நாம் எழுதுகிற நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற சாமான் அது. நிரலில் பிழை இருந்தால் எந்த வரியில், என்ன பிழை என்று எடுத்துச் சொல்லும் பகுதி மட்டும் சிஷ்யர் எழுதியது. நாலு மாச உழைப்பு.

ஒருநாள் மத்தியானம் முகம் தொங்க வந்து நின்றார்.

"டீச்சர், என் பகுதியால கம்பைலர் மந்தமாகுது. அளந்துட்டேன்."

"எவ்வளவு?"

"பிழை இல்லாத நிரல்னா வித்தியாசமே இல்ல. பிழை இருந்தா, என் பகுதியோட மூணு விநாடி. அதைக் கழட்டிட்டா அரை விநாடி. தூக்கிப் போட்டுருவோம்."

"அந்த அரை விநாடில என்ன சொல்லுச்சு?"

"'பிழை'ன்னுச்சு. அத்தோட நின்னுட்டு."

"எங்க பிழைன்னு?"

"அதான் கழட்டியாச்சுல்லா."

அவர் நேரம் அளந்த ஸ்டாப்வாட்சைப் பாத்திமுத்து கையில் வாங்கினாள். அந்தப் பகுதி இல்லாத கம்பைலரில் எண்ணூறு வரி நிரல் ஒன்றை ஓட்டினாள். அதே நொடியில் வாட்சையும் அமுக்கி மேசையில் வைத்தாள்.

'பிழை' என்றது கம்பைலர்.

"சரி பண்ணுங்க, அண்ணாச்சி."

அவர் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மூக்குக்கு இறக்கினார். டீ வந்து ஆறி ஆடை கட்டியது. அவள் தட்டிலிருந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

அறுநூற்றுச் சொச்சமாவது வரியில் ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடந்தது. மூடினார். நிரல் ஓடியது. சிறுபிள்ளை மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் வாட்சைப் பார்த்தார். நாற்பத்தேழு நிமிஷம். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இத நிறுத்தலியா டீச்சர்? கம்பைலர் அப்பவே நின்னுட்டே."

"ஆளை ஏத்தாம வந்த பஸ்ஸுக்கு என்ன நேரம் போடுவீங்க, அண்ணாச்சி?"

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நேரமா? டிரைவரை நாலு ஏச்சு ஏசித்தான் அனுப்புவேன்."

"அப்ப ஏசி முடிச்சிட்டு உங்க பகுதிய மாட்டுங்க. வேற டீ சொல்றேன்."